ஊசிகள் கரையொதுங்கிய கோடையும் கொழும்புக்கு வந்த கொள்கலன்களும்

2022 பெப்ரவரியில் கொழும்புத் துறைமுகத்தில் இருந்து 45 கொள்கலன்கள் பிரித்தானியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2017 ஆம் ஆண்டு தொடக்கம் கட்டம் கட்டமாக இலங்கைக்குள் வந்து சேர்ந்த 263 கொள்கலன்களில் அவையே கடைசித் தொகுதி. பழைய மெத்தைகள், கம்பளங்கள், தரைவிரிப்புகள் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட அந்தச் சரக்கில் வைத்தியசாலைக் கழிவுகளும் கலந்திருந்தன என்று சுங்கத் திணைக்களம் அறிவித்திருந்தது. பிரேத அறைகளில் இருந்து வந்த உடற்பாகங்களும் உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகத்தையும் அதிகாரிகள் வெளியிட்டிருந்தனர்.

அந்த நாட்களில் இலங்கை டொலர் இல்லாமல் தவித்துக் கொண்டிருந்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற வேளையில் குப்பை ஏற்றிய கப்பல் ஒன்று புறப்பட்ட செய்தி பத்திரிகைகளில் சில அங்குல இடத்தையே பெற்றது. பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அதைக் குறை சொல்லமாட்டேன். சமையலறையில் அடுப்பு எரியாதவனுக்குத் துறைமுகக் குப்பையில் அக்கறை இராது. ஆனால் ஒரு சிறிய நாடு, ஒரு காலத்தில் தன்னை ஆண்ட நாட்டிடமே அதன் கழிவைத் திருப்பி ஏற்கச் செய்த அந்த நிகழ்ச்சிக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் கொழும்பில் இருந்து நெடுந்தூரம் சென்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தொடங்கவேண்டும்.

1987 ஆம் ஆண்டை அமெரிக்கர்களின் குப்பை ஆண்டு என்றே சொல்லலாம். அந்த ஆண்டு மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்தின் ஐஸ்லிப் என்ற இடத்தைச் சேர்ந்த 3,000 தொன்னுக்கு மேற்பட்ட குப்பையை ஏற்றிக்கொண்டு மொப்ரோ 4000 என்ற தெப்பக் கப்பல் தெற்கு நோக்கிச் சென்றது. வட கரோலினா அதை ஏற்க மறுத்தது. கப்பலில் மருத்துவமனைக் கழிவு இருக்கிறது என்ற பேச்சு பரவியது. அதன் பின்னர் எந்தத் துறைமுகமும் அதை அண்ட விடவில்லை. ஆறு மாநிலங்களும் மெக்சிக்கோ, பெலிஸ், பஹாமாஸ் ஆகிய மூன்று நாடுகளும் விரட்டிவிட, மாதக்கணக்காகக் கடலில் அலைந்த அந்தக் குப்பை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, இறுதியில் புரூக்ளினில் எரிக்கப்பட்டது. தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு அது பெரிய தீனி.

ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நடந்ததைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. நியூ ஜேர்சிக் கடற்கரையோரமாக ஏறத்தாழ 50 மைல் நீளத்துக்குக் குப்பைப் படலம் ஒன்று மிதந்து வந்து கரையொதுங்கியது. அதற்குள் சிறிஞ்சுகளும் மருந்துக் குப்பிகளும் குருதி தோய்ந்த கட்டுத் துணிகளும் இருந்தன. கோடை விடுமுறையின் உச்சம் அது. குடும்பம் குடும்பமாகக் கடலாட வந்தவர்கள் ஓடினர். அடுத்த ஆண்டு, 1988 கோடையில், நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் கரைகளிலும் இதே கதை. ஒன்றன்பின் ஒன்றாகக் கடற்கரைகள் மூடப்பட்டன. உல்லாசப் பயணத் தொழிலுக்கு ஏற்பட்ட இழப்பு பல நூறு மில்லியன் டொலரில் தொடங்கிப் பில்லியன்கள் வரை மதிப்பிடப்பட்டது. அந்த இரண்டு கோடைகளுக்கும் 'சிறிஞ்சு அலை' என்று பெயர் விழுந்தது.

இந்த அச்சத்தின் அளவைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். எயிட்ஸ் நோய் பற்றிய முதலாவது மருத்துவ அறிக்கை 1981 யூனில் வெளிவந்தது. 1987 இல் அந்நோய்க்கு எதிரான முதலாவது மருந்து அப்போதுதான் அங்கீகாரம் பெற்றிருந்தது. நோய் தொற்றிய ஒரு சிறுவனைப் பாடசாலைக்குள் விடக்கூடாது என்று பெற்றோர் வழக்காடிய காலம் அது. அதே 1987 இல் இண்டியானாபொலிஸ் நகரில், மருத்துவ நிலையம் ஒன்றின் வெளியே குப்பைத் தொட்டியில் கிடந்த குருதிக் குப்பிகளைச் சிறுவர்கள் எடுத்து விளையாடினார்கள் என்றும், அவற்றுள் எயிட்ஸ் கிருமி கொண்ட குருதியும் இருந்தது என்றும் செய்தி வந்தது. கடற்கரை மணலில் ஓர் ஊசியைக் கண்ட தாய்க்கு அது வெறும் ஊசியாகத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஊசி என்ற பொருளே அந்தத் தலைமுறையில்தான் மாறியிருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு அப்போதிக்கரி ஐயாவின் கண்ணாடிச் சிறிஞ்சு நினைவிருக்கும். உருக்குத் தட்டில் கொதிநீருக்குள் அது கிடக்கும். இடுக்கியால் தூக்கி, நீரை உதறி, மருந்தை இழுத்து, எங்கள் கையில் ஏற்றிவிட்டுத் திரும்பவும் கொதிநீருக்குள் போடுவார். அந்த ஊசி குப்பைக்குப் போனதை நாங்கள் கண்டதில்லை. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் சிறிஞ்சு மேலை நாடுகளில் அறுபதுகளில் இருந்தே பரவி, எண்பதுகளில் எயிட்ஸ் பயத்தோடு கட்டாயமானது. நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாமல் இருக்க வந்த சிறந்த ஏற்பாடு அது. ஆனால் கொதிக்கவைத்து மீண்டும் எடுத்த பொருள் எறியும் பொருளானவுடன், எறிந்தது எங்கே போகிறது என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது. அதற்கு விடை தேட எந்த நாட்டிலும் அப்போது சரியான சட்டம் இருக்கவில்லை.

அமெரிக்கக் காங்கிரஸ் விரைந்து செயற்பட்டது. 1988 தேர்தல் ஆண்டு. ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட ஜோர்ஜ் புஷ் அவ்வாண்டு செப்டெம்பரில் பொஸ்டன் துறைமுகத்துக்கே சென்று, அதன் அழுக்கைக் காட்டித் தன்னை எதிர்த்து நின்ற டுக்காக்கிஸைத் தாக்கினார். கடல் அழுக்கு வாக்காகிவிட்ட நேரத்தில், மருத்துவக் கழிவு கண்காணிப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் நவம்பர் 1 ஆம் திகதி கையொப்பமிட்டார். தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. வைத்தியசாலைக் கழிவுக்கென்று தனியாக அந்நாட்டு மத்திய அரசு இயற்றிய முதலாவது சட்டம் அதுதான்.

சட்டம் சொன்னது இதுதான்: கிருமி வளர்ப்புத் தட்டுகள், அகற்றப்பட்ட உடற்பாகங்களும் திசுக்களும், மனிதக் குருதி, பாவித்த கூர்ப்பொருட்கள், ஆய்வுக்குப் பயன்பட்ட விலங்குகளின் உடல்கள், கொடிய தொற்றுநோயாளரின் தனிமை அறைகளில் சேரும் கழிவு, பாவிக்காமல் எறியப்படும் ஊசிகள் ஆகியன வேறாகப் பிரிக்கப்படவேண்டும், கூர்ப்பொருட்கள் துளைபடாத கலங்களில் இடப்படவேண்டும், ஒவ்வொரு பொதியிலும் அடையாளம் இருக்கவேண்டும். கழிவை உண்டாக்கியவர், ஏற்றிச் சென்றவர், அழித்தவர் ஆகிய எல்லோரும் ஒரே படிவத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கையொப்பமிட, அந்தப் படிவத்தின் பிரதி ஒன்று முதலாமவருக்கே திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அவர் அரசுக்கு அறிவிக்கவேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 25,000 டொலர் வரை அபராதம். தெரிந்தே மீறினால் சிறை. 'தொட்டிலில் இருந்து சுடலை வரை' கழிவைப் பின்தொடர்தல் என்று இந்த முறையைச் சொல்வார்கள். இன்று உலகில் உள்ள மருத்துவக் கழிவுச் சட்டங்கள் பலவற்றில் இந்தப் படிவத்தின் சாயலைக் காணலாம்.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அது நாடு முழுவதற்கும் உரியதல்ல. இரண்டே ஆண்டுகளுக்கான பரீட்சார்த்தம். பெரும் ஏரிகளைச் சூழ்ந்த ஏழு மாநிலங்களுக்கு விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று சட்டமே வழிவிட்டிருந்தது. ஏழும் விலகிக்கொண்டன. நியூயோர்க், நியூ ஜேர்சி, கனெக்ரிக்கட் ஆகிய மூன்றோடு ரோட் ஐலண்டும் புவேர்ட்டோ ரிக்கோவும் சேர்ந்துகொண்டன. 1989 யூன் 22 இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு 1991 யூன் 22 இல் காலாவதியானது. அதை நீடிக்க எவரும் முன்வரவில்லை.

நீடிக்காமல் விட்டதற்கு ஒரு காரணம், ஆய்வுகள் வெளிக்கொணர்ந்த உண்மை. 1987 இன் குப்பைப் படலத்தின் மூலம் ஸ்ராற்றன் தீவில் இருந்த நியூயோர்க் நகரின் பெருங் குப்பைமேடான பிரெஷ் கில்ஸ் என்று தெரியவந்தது. நகரம் பத்து இலட்சம் டொலர் நட்டஈடு செலுத்த இணங்கியது. கடலில் களவாகக் கொட்டிய வைத்தியசாலைகளைத் தேடிப் போனவர்களுக்கு, குப்பை ஏற்றும் தெப்பங்களில் இருந்து சிந்தியதும், மழை வெள்ளத்தில் பொங்கி வழிந்த கழிவுநீர்க் கால்வாய்கள் அடித்துவந்ததுமே பெரும்பங்கு என்று தெரிந்தது. கரையொதுங்கிய குப்பையில் மருத்துவப் பொருட்கள் சிறு விகிதம் மட்டுமே. அந்தச் சிறு விகிதத்திலும் பல ஊசிகள் வீட்டில் இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் நீரிழிவு நோயாளர்களுடையவை, போதைப்பொருள் ஏற்றுவோருடையவை. வீட்டுக் கழிவுக்கோ அந்தச் சட்டம் விலக்களித்திருந்தது! மிகப் பெரும் அச்சத்தில் இயற்றப்பட்ட சட்டம், அந்த அச்சத்தை உண்டாக்கிய ஊசிகளில் ஒரு பெரும் பகுதியைத் தொடவேயில்லை.

இரண்டாவது உண்மையை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். 1990 இல் அமெரிக்க அரசின் சுகாதார முகவர் நிலையம் ஒன்று காங்கிரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கை, வைத்தியசாலைக் கழிவால் பொதுமக்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றது. ஆபத்து அந்தக் கழிவைக் கையால் தொடுபவருக்கே. தாதியர், துப்புரவுத் தொழிலாளர், சலவைக்காரர், குப்பை அள்ளுபவர் என்று அறிக்கை அவர்களை இனங்காட்டியது. ஊசி நோயாளியின் கையில் இருந்து வெளியே வந்த அந்தக் கணத்தில் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது; தூரம் செல்லச் செல்ல, நாள் செல்லச் செல்லக் குறைகிறது. கடற்கரைக்கு வந்துசேரும்போது பயம் மட்டுமே பெரிதாக எஞ்சியிருக்கும்.

அந்த உண்மையின் வழி வந்த சட்டங்கள் நிலைத்தன. 1991 டிசெம்பரில் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் குருதிவழிக் கிருமிகள் பற்றிய ஒழுங்குவிதியை வெளியிட்டது. தொழிலாளிக்கு ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை முதலாளி இலவசமாகக் கொடுக்கவேண்டும். பாவித்த ஊசிக்கு மீண்டும் மூடி போடும் பழக்கத்தைக் கைவிடவேண்டும். ஊசிப் பெட்டி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கவேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. 2000 நவம்பரில் ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டம் அதற்கு வலுச்சேர்த்தது. இவை கடற்கரைப் படங்களைப் போல முதற்பக்கத்துக்கு வரவில்லை. ஆனால் உயிர்களைக் காத்தவை இவைதான் என்பது என் கணிப்பு.

எரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கழிவைப் பிரித்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்கு எண்பதுகளில் எல்லோரும் சொன்ன விடை 'எரி' என்பது. வைத்தியசாலைக்கு ஒன்றாக எரிஉலைகள் முளைத்தன. பிளாஸ்டிக் சிறிஞ்சும் சேலைன் பைகளும் சேர்ந்து எரிந்தபோது டயொக்சின் என்ற நஞ்சு புகையோடு போனது. 1994 இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் டயொக்சின் வெளியேற்றத்தின் மிகப் பெரும் மூலங்களில் ஒன்றாக மருத்துவ எரிஉலைகளைக் காட்டியது. 1997 இல் கடுமையான விதிகள் வந்தன. ஆயிரக்கணக்கில் இருந்த எரிஉலைகள் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நூறுக்குக் கீழே குறைந்தன. அழுத்த நீராவியால் கிருமியழிக்கும் முறை அவற்றின் இடத்தைப் பெருமளவுக்குப் பிடித்தது. 2001 இன் ஸ்ரொக்ஹோம் சமவாயமும் மருத்துவ எரிஉலைகளை நஞ்சு உண்டாக்கும் மூலங்களின் பட்டியலில் சேர்த்தது. இலங்கை 2005 டிசெம்பரில் அச்சமவாயத்தை ஏற்றது. ஆனால் எங்கள் ஊர்களில் சுகாதார நிலையத்தின் பின்வளவில் ஒரு குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கும் வழக்கத்தைக் கண்டிராத செய்தியாளர் என் தலைமுறையில் இருக்கமாட்டார்.

இனிக் கப்பல்களுக்குத் திரும்புவோம். பணக்கார நாடுகளில் சட்டம் இறுகியதும் குப்பை அகற்றும் செலவு உயர்ந்தது. செலவு உயர்ந்ததும் குப்பை, சட்டம் இல்லாத இடத்தைத் தேடிப் புறப்பட்டது. 1986 இல் பிலடெல்பியா நகரின் எரிஉலைச் சாம்பல் சுமார் 14,000 தொன்னை ஏற்றிக்கொண்டு கியான் சீ என்ற கப்பல் புறப்பட்டது. 1988 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டின் கொனாயிவ்ஸ் கரையில், பசளை என்று சொல்லி, ஏறத்தாழ 4,000 தொன்னைக் கொட்டிவிட்டு ஓடியது. எஞ்சியதை இறக்க இடம் தேடி செனெகல், மொரொக்கோ, யூகோஸ்லாவியா என்று அலைந்த அந்தக் கப்பல் இலங்கையையும் நாடியது. போரில் எரிந்துகொண்டிருந்த நாடு அப்போது இது. எங்கும் இடம் கிடைக்கவில்லை. இரண்டு முறை பெயரை மாற்றிக்கொண்ட கப்பல் 1988 நவம்பரில் சிங்கப்பூரில் தென்பட்டபோது வெறுமையாக இருந்தது. சாம்பல் அத்திலாந்திக்கிலும் இந்து சமுத்திரத்திலும் போய்ச் சேர்ந்தது. அதனோடு தொடர்புடைய நிறுவன அதிகாரிகள் இருவர் 1993 இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். கொட்டிய குற்றத்துக்காக அல்ல, கொட்டவில்லை என்று பொய்ச் சத்தியம் செய்த குற்றத்துக்காக!

கியான் சீயும், அதே 1988 இல் நைஜீரியாவின் கோக்கோ துறைமுகத்தில் இத்தாலிய நச்சுக்கழிவுப் பீப்பாய்கள் கண்டுபிடிக்கப்பட்டதும் ஆபிரிக்க நாடுகளைக் கொதிக்க வைத்தன. 1989 மார்ச் 22 இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில், ஆபத்தான கழிவுகளை நாடுகளிடையே கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் சமவாயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1992 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் இலங்கை அதில் இணைந்தது.

பேசல் சமவாயத்தின் முதலாவது பின்னிணைப்பை எடுத்துப் பார்த்தால், கட்டுப்படுத்தவேண்டிய கழிவு வகைகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலின் முதலாவது வரியில், பூச்சிகொல்லிகளுக்கும் இரசாயன நஞ்சுகளுக்கும் முன்பாக, நிற்பது வைத்தியசாலைகளிலும் மருத்துவ நிலையங்களிலும் உண்டாகும் மருத்துவக் கழிவு. அனுப்பும் நாடு பெறும் நாட்டுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து எழுத்தில் சம்மதம் பெறவேண்டும். அப்படிப் பெறாமலோ, பொய்ச் சம்மதத்தோடோ அனுப்பினால் அது சட்டவிரோதக் கடத்தல். ஒன்பதாவது உறுப்புரையின்படி, அனுப்பியவரின் தவறால் அது நிகழ்ந்திருந்தால், தகவல் கிடைத்து 30 நாட்களுக்குள் அனுப்பிய நாடு அதைத் திருப்பி எடுக்கவேண்டும்.

உள்நாட்டில் இலங்கையிடம் இருந்தது 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். ஆரம்பத்தில் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு ஆலோசனை சொல்லும் வாயைத்தான் அது கொடுத்தது. 1988 இன் திருத்தம்தான் பற்களைக் கொடுத்தது. 1996 இல் ஆபத்தான கழிவு பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. 2008 பெப்ரவரி 1 ஆம் திகதிய 1534/18 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி, வைத்தியசாலைக் கழிவு உட்பட அட்டவணைப்படுத்திய கழிவுகளை உண்டாக்குவோர், சேர்ப்போர், ஏற்றுவோர், அழிப்போர் எல்லோரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்று விதித்தது. தாளில் நல்ல சட்டம். தொற்றுக்கழிவுக்கு மஞ்சள் நிறப் பை என்ற வழக்கமும் வைத்தியசாலைகளில் வந்துவிட்டது.

இத்தனை வேலியும் இருக்க 263 கொள்கலன்கள் எப்படி உள்ளே வந்தன என்று வாசகர்கள் கேட்பது நியாயம். படலையை அரசாங்கமே திறந்து வைத்திருந்தது என்பதுதான் விடை. 2012 இன் நிதிச் சட்டத்தின் கீழ், 2013 இல், வணிக மையங்கள் பற்றிய ஒழுங்குவிதிகள் வெளியாகின. பொருட்களை இறக்கி, பிரித்து, மீண்டும் ஏற்றுமதி செய்யும் இடைத்தங்கல் வாணிபத்துக்கு இலங்கையை ஒரு கேந்திரமாக்குவது நோக்கம். அதற்காகக் குறித்த துறைமுகங்களிலும் வலயங்களிலும் நடக்கும் அவ்வாணிபத்துக்குச் சுங்கக் கட்டளைச் சட்டத்தில் இருந்தும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. சிங்கப்பூரையும் துபாயையும் கனவு கண்டு எழுதிய விதி அது. அந்த வழியால் வந்தவை பிரித்தானியக் கட்டில்களின் பழைய மெத்தைகள்.

மெத்தைகளில் இருந்து சுருள்கம்பியையும் பஞ்சையும் பிரித்தெடுத்து மீள ஏற்றுமதி செய்வதாகச் சொல்லப்பட்டது. கொள்கலன்களில் ஒரு பகுதி கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் போய்க் கிடந்தது. இன்னொரு பகுதி துறைமுகத்திலேயே உரிமை கோருவாரற்று நின்றது. சீனா 2018 இல் வெளிநாட்டுக் குப்பைக்குக் கதவை மூடியபின் தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் நோக்கிக் குப்பைக் கப்பல்கள் திரும்பியிருந்த காலம். 2019 மே முடிவில் பிலிப்பைன்ஸ் 69 கொள்கலன் குப்பையைக் கனடாவுக்குத் திருப்பி அனுப்பியது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலும் விடயம் வெடித்தது. மழை நீரோடு சேர்ந்து ஏதோ கசிகிறது, நாறுகிறது என்ற செய்திகள் வரத்தொடங்கின. ஏறத்தாழ 3,000 தொன் கழிவு என்று விசாரணை கண்டது. அதில் சுமார் 180 தொன் மட்டுமே 2017, 2018 ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் துபாய்க்கும் மீள அனுப்பப்பட்டிருந்தது.

சுற்றாடல் நீதிக்கான நிலையம் என்ற அமைப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு தாக்கல் செய்தது. வாதத்தின் அடித்தளம் பேசல் சமவாயமும் தேசிய சுற்றாடல் சட்டமும்தான். எழுத்து மூலச் சம்மதம் எங்கே என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. 2020 செப்டெம்பரில் முதல் 21 கொள்கலன்கள் திரும்பிச் சென்றன. ஒக்டோபரில் நீதிமன்றம் எஞ்சிய 242 கொள்கலன்களையும் அனுப்பும்படி கட்டளையிட்டது. 30 நாள் என்று சமவாயத்தில் எழுதப்பட்ட காரியம் முடிய இரண்டரை ஆண்டுகள் சென்றன. ஆனாலும் முடிந்தது. மக்கள் அமைப்பு ஒன்று நீதிமன்றப் படியேறாது இருந்திருந்தால் அவை இன்றும் கட்டுநாயக்கவில் கிடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிரித்தானியாவிலும் அந்தக் காலத்தில் வீட்டுக்குள்ளே நாற்றம் இருந்தது. 2018 ஒக்டோபரில் தேசிய சுகாதார சேவையின் 15 வைத்தியசாலை நிர்வாகங்கள், தங்கள் கழிவை அகற்றிய நிறுவனம் ஒன்றோடு செய்த ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டன. அளவுக்கு மீறிய மருத்துவக் கழிவு, உடற்பாகங்கள் உட்பட, களஞ்சியங்களில் தேங்கியிருந்தது. கொழும்புக் கொள்கலன்களுக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவரவில்லை. மிகக் கடுமையான சட்டங்களைக் கொண்ட நாட்டிலும் மஞ்சள் பை எங்கோ ஓரிடத்தில் மலையாகக் குவிந்து கிடந்தது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அயலில் இந்தியாவுக்கு எல்லை தாண்டுவதற்குக் கப்பலும் தேவையில்லை, ஒரு லொறி போதும். 1986 இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1998 யூலையில் உயிரி மருத்துவக் கழிவு விதிகளை அந்நாடு வெளியிட்டது. தெற்காசியாவில் இத்துறைக்கென்று தனியே எழுந்த முன்னோடி விதிகள் அவை. 2009 இல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைட்டிஸ்-பி பரவிப் பலர் மாண்டபோது, பாவித்த சிறிஞ்சுகள் மீண்டும் புழக்கத்துக்கு வந்த அவலம் வெளியானது. 2016 இல் விதிகள் முழுமையாகப் புதுக்கப்பட்டன. 48 மணித்தியாலத்துக்கு மேல் கழிவைத் தேக்கக்கூடாது, பைகளில் பட்டைக் குறியீடு வேண்டும் என்றெல்லாம் வந்தன. ஆயினும் 2024 டிசெம்பரில் கேரளத்து வைத்தியசாலைகளின் கழிவு திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்டுக் கிடந்தது. நோயாளிகளின் பெயர் தாங்கிய தாள்களே கழிவு எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டலம் மூன்று நாள் அவகாசம் கொடுத்தது. கேரள அதிகாரிகள் லொறிகளோடு வந்து அள்ளிச் சென்றனர். பேசல் சமவாயத்துக்கு இரண்டரை ஆண்டு. பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சில நாட்கள். 2025 இல் தமிழகச் சட்டமன்றம், இப்படிக் கொட்டுவோரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் அடைக்க வழிசெய்தது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் சட்டங்களோடு வாழ்ந்து பழகிய ஈழத்தமிழனாகிய எனக்கு அந்த மருந்தில் உவப்பில்லை. கொட்டிய லொறிச் சாரதி உள்ளே போவான்; கொட்டக் கொடுத்தவர் வெளியே இருப்பார்.

கொவிட் காலம் இந்தக் கணக்கையெல்லாம் பெருக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி, அதுவரை ஏற்றப்பட்ட 800 கோடிக்கு மேற்பட்ட தடுப்பூசிகள் மட்டும் 144,000 தொன் ஊசி, சிறிஞ்சு, பெட்டிக் கழிவை உண்டாக்கின. உலகின் வைத்திய நிலையங்களில் பத்துக்கு மூன்று, இருக்கும் கழிவையே பாதுகாப்பாகக் கையாள வசதியற்றவை என்றும், மிக வறிய நாடுகளில் அது பத்துக்கு ஆறு என்றும் அதே அறிக்கை கூறியது. வைத்தியசாலைக் கழிவில் 85 வீதம் எங்கள் வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவுதான். எஞ்சிய 15 வீதமே ஆபத்தானது என்பது அந்நிறுவனத்தின் பழைய கணக்கு. பிரிக்காமல் கலந்துவிட்டால் நூறும் ஆபத்தாகிவிடும். படிவங்களும் வர்த்தமானிகளும் சமவாயங்களும் கடைசியில் நம்பியிருப்பது, வாட்டில் ஊசியைப் போட்டு முடித்த தாதி அடுத்த விநாடியில் அதை எந்தப் பெட்டிக்குள் இடுகிறார் என்பதை.

1988 இன் அமெரிக்கச் சட்டம் தொடாமல் விட்ட வீட்டு ஊசி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. இலங்கையில் நீரிழிவு இல்லாத வீதி இல்லை. இன்சுலின் ஏற்றுவோர் வீட்டுக்கு வீடு. 2008 இன் வர்த்தமானி வைத்தியசாலையைத் தேடி வரும். எங்கள் குசினிக்கு வராது. எங்கள் வீட்டில் என் தாயாரின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் சேர்த்து, மூடியை இறுக்கி, நகரசபை உழவு இயந்திரத்தில் வரும் தொழிலாளியின் கையில் தனியே கொடுக்கிறோம். என்னவென்று முதல் நாள் சொன்னபோது அவர் தமது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குப்பைப் பைகளைத் தூக்கும்போது எத்தனை முறை ஊசி ஏறியது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன் தம்பி என்றார். தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார்.